மஞ்சள் நூல் கட்டிய காய்கள்

அப்துல் வஹீதின் கடையில் விற்பனைக்கு இல்லாத நூல்கண்டு ஒன்று உண்டு. கோயமுத்தூரில் ராஜ வீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் அவருக்குத் தையல் சாமான் கடை. பித்தான், லேஸ், ஜிப், கொக்கி, கல்யாணப் பெண்ணின் முக்காட்டுக்கான வலைத்துணி எல்லாம் கிடைக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அந்த மஞ்சள் நூலை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டார். அது அவருடைய மாடிச் செடிகளுக்கு உரியது.

வஹீது முப்பது வருஷமாகச் சதைப்பற்றுச் செடிகளை விதையிலிருந்து வளர்த்து வருகிறார். கற்றாழை, கள்ளி மாதிரி தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும் செடிகள். மற்றவர்கள் ஒரு துண்டை ஒடித்து நட்டு வளர்ப்பார்கள். சுலபமான வழி அதுதான். "ஒடிச்சு நட்டா அதே செடிதான் சார் ரெண்டு தொட்டியில இருக்கும். விதையில வர்றதுதான் பிள்ளை" என்பார் வஹீது.

அவர் விதை எடுக்கும் முறை இது. அரும்பு விரியும் முன்பே அதற்கு வலைத்துணியில் தைத்த சின்னப் பையை மாட்டிவிடுவார். பையைத் தைப்பது அவர் மனைவி மெஹராஜ். வலைக்குள் ஈயும் எறும்பும் போகாது. பூ விரிந்ததும் பையைக் கழற்றி, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, குதிரைமுடி ஒன்றால் ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு செடியின் பூவில் வைப்பார். வைத்த பூவின் காம்பில் மஞ்சள் நூல் கட்டி, மறுபடியும் பையை மாட்டுவார். நூல் இருந்தால் அந்தக் காய்க்கு அப்பன் ஆத்தா யார் என்று அவருக்குத் தெரியும். நூல் இல்லாத காயைக் கிள்ளி எறிந்துவிடுவார். வடக்கே பெங்களூரிலிருந்தும் தெற்கே நாகர்கோவிலிலிருந்தும் அவரிடம் விதை கேட்டு எழுதுகிறவர்கள் அந்த நூலை நம்பித்தான் எழுதினார்கள்.

நான் பின்தெருவில் குடியிருப்பவன். மொட்டைமாடியில் மழைமானியும் வெப்பமானியும் வைத்துத் தினமும் குறித்து வருகிறேன். விதை போடுவதற்கு முன்னால் காற்றில் ஈரம் எவ்வளவு என்று கேட்டு வந்ததில்தான் வஹீது எனக்குப் பழக்கமானார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

தாராபுரம் பக்கத்துக் குழந்தையம்மாள் அந்தக் கடைக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். மருமகள் பிரவீனாவுக்கு ரவிக்கைக்கு லேஸ் எடுக்க வந்திருந்தார். மேஜைமேல் ஒரு தொட்டியில் கள்ளிமுளையான் இருந்தது. விரல் தடிமனில் நாலு பட்டையாக நிமிரும் தண்டு. இலை கிடையாது. தண்டின் நுனியில் ஊதா கலந்த பழுப்புப் பூ. அருகில் மூக்கைக் கொண்டுபோனால் இறைச்சி கெட்ட வாடை அடிக்கும்.

"ஏனுங் பாய், இது எங்க காட்டுல ஆடு மேய்க்கற பசங்க கடிச்சுத் திங்கறதுங்க. இதுக்கு ஒரு தொட்டி, அதுக்கு ஒரு மேஜையா?" என்றார் குழந்தையம்மாள்.

"ஆடு திங்கறதாலதாங்க்கா எங்கயும் காணாமப் போகுது" என்றார் வஹீது.

"எங்குளுது இந்த நெறமில்லீங்க. பாறை மேல இருக்கறது மஞ்சப் பூவு. எலுமிச்சம்பழமாட்ட இருக்கும்."

வஹீதின் கை லேஸை அளந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டது. கள்ளிமுளையானில் முழு மஞ்சளை அவர் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தாராபுரம் போனார். குழந்தையம்மாளின் கொறங்காட்டில், அதாவது உழாமல் ஆடுமாட்டுக்கு விட்ட மேய்ச்சல் நிலத்தில், ஒரு பாறைத் திட்டின் இடுக்குகளில் அது இருந்தது. அவர் சம்மதத்தோடு, தள்ளித் தள்ளி நின்ற இரண்டு செடிகளிலிருந்து ஒவ்வொரு தண்டு எடுத்து வந்தார். இந்த இனத்தில் ஒரே செடியின் பூக்களுக்குள் காய் பிடிக்காது. இரண்டு தனிச் செடி வேண்டும்.

அதற்கு அடுத்த வருஷம் காற்றாலைக்குப் பாதை போட வந்தவர்கள் அந்தப் பாறைத் திட்டை உடைத்து நிரவிவிட்டார்கள். பாதைக்கு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் குழந்தையம்மாள்தான். பாறை போகும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. செய்தியைச் சொல்லப் போன் செய்தவர் வஹீதிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க மாடியில இருக்கறதுல குட்டி எடுத்துக் குடுங்க பாய். எங்காட்டுல மறுபடியும் வெச்சுப்போடறேன். இல்லாட்டி அந்தப் பாதையப் பாக்கறப்பெல்லாம் எனக்கு வவுறு எரியுதுங்க."

"குடுக்கறேனுங்க்கா" என்றார் வஹீது.

ஒடித்துக் கொடுக்க அவருக்கு மனமில்லை, விதைக்குக் காத்திருந்தார். மாடியிலிருந்த மஞ்சள் செடி இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க மறுத்து ஆட்டம் காட்டின. ஒன்று புரட்டாசியில் பூத்தால் மற்றது கார்த்திகையில் பூத்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்று அக்டோபரில்தான் இரண்டும் ஒன்றாக அரும்பு கட்டின. அதே வாரத்தில் வஹீதின் மகள் ஷைமாவுக்கு நிக்காஹ்.

நிக்காஹுக்கு முதல் நாள் விருந்து வீட்டு மாடியில். விருந்து சமைக்கும் பண்டாரிகள் வந்து அடுப்பு மூட்டினார்கள். ஒரு மூலையில் ஆட்டுக்கறி வெட்டினார்கள். வஹீது எல்லாத் தொட்டிகளையும் தண்ணீர்த்தொட்டிச் சுவரோரம் நெருக்கி அடுக்கினார். மஞ்சள் செடி இரண்டும், ஊதாப் பூ பூக்கும் சாதாரணக் கள்ளிமுளையான் எட்டுப் பத்தும் ஒன்றாக நின்றன. மாப்பிள்ளையின் பெரியப்பா பொள்ளாச்சியில் நர்சரி வைத்திருப்பவர். அவர் மாடிக்கு வந்து, "மஞ்சள் பூ இருக்குதாமே" என்றதும் வஹீது வலைப்பைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க, கழட்டாதீங்க. அப்புறம் நீங்கதான் அழுவீங்க" என்று படியிலிருந்து மெஹராஜ் சொன்னது எனக்கும் கேட்டது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து முக்காடு போட்ட பூவையா பாத்துட்டுப் போறது?" என்றார் வஹீது. எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியப்பா பார்த்தார், போட்டோ எடுத்தார், வாயாரப் புகழ்ந்தார். பையை மறுபடி மாட்டும் முன்பே தட்டு வரிசை, மாலை, பெண் அழைப்பு என்று வஹீதை ஆளாளுக்கு இழுத்தார்கள். மூன்றாம் நாள்தான் அவர் மறுபடி மாடிக்கு வந்தார். இந்தப் பூக்களுக்கு ஈதான் தேனீ. கெட்ட இறைச்சி என்று நினைத்து வந்து உட்காரும். பக்கத்திலேயே நிஜமான இறைச்சி வெட்டிய மாடியில் எத்தனை ஈ இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் கையால் மகரந்தம் வைக்கும் முன்பே பூக்கள் வாடியிருந்தன. கொஞ்ச நாளில் மஞ்சள் செடி இரண்டில் ஒன்றில் மட்டும் ஐந்து காய் பிடித்தது.

வழக்கப்படி கிள்ளி எறிந்திருக்க வேண்டும். அந்த நவம்பரில் மழை விடாமல் பெய்தது. காய் பிடிக்காத மஞ்சள் செடி அடியழுகி ஒரே வாரத்தில் செத்துப்போனது. மீதி ஒற்றைச் செடி. இனி அதில் கலப்பில்லாத காய் பிடிக்க வழியில்லை. இருப்பது இந்தக் காய்கள்தான். ஈ எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போனதோ, மஞ்சளிலிருந்து மஞ்சளுக்கே போயிருக்கலாம் அல்லவா என்று வஹீது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காய்கள் இரண்டு கொம்பு மாதிரி நீண்டு முற்றின. மாசி மாதத்தில் அவை வெடிப்பதற்கு முன்னால், ஒரு சாயங்காலம், அவர் ஆணியிலிருந்த மஞ்சள் நூலை எடுத்துப்போய் ஐந்து காயின் காம்பிலும் கட்டினார்.

இதை அப்போது யாரிடமும் அவர் சொல்லவில்லை.

விதையை மூன்றாகப் பங்கு வைத்தார். ஒன்று தன் மாடிக்கு. ஒன்று மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் நண்பர் நஞ்சுண்டனுக்கு. பெரிய பங்கு குழந்தையம்மாளுக்கு. காயோடு கொடுத்தால்தான் நம்பிக்கை என்று, வெடித்த காய் ஒன்றையும் நூலோடு அவர் கையில் கொடுத்தார். குழந்தையம்மாள் அதைக் காலண்டர் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

ஒரே விதை மூன்று ஊரில் மூன்று விதமாக வளர்ந்தது. விதைத்த முறை எல்லாருக்கும் ஒன்றுதான்: பிரியாணி பார்சல் டப்பாவில் ஆற்று மணலும் ஓடு இடித்த தூளும் பாதிப்பாதி, விதையைப் படுக்கவைத்து, மூடிபோட்டு, முளை வந்த பின் கொஞ்சம் கொஞ்சமாக மூடியைத் திறப்பது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் மலையடி ஈரத்தில் பாதி நாற்று பூஞ்சை பிடித்துச் செத்தது. மீதி பச்சையாக, ஒல்லியாக, வெளிச்சம் தேடிச் சாய்ந்தது. கோயமுத்தூரில் ஆடிக் காற்று டப்பாவையே தூக்கிப் போனாலும் நாற்று நிதானமாக வளர்ந்தது. தாராபுரத்தில் நடுவெயிலுக்குத் தென்னந்தடுக்கு கட்டி, பொழுது சாய்ந்த பின்தான் தண்ணீர் தெளிக்கவேண்டியிருந்தது. அங்கே தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் ஊதா ஓடியும் வந்தது.

"பாய், உங்ககிட்ட இருக்கற பெரிய செடியாட்ட இல்லீங்களே. பட்டை வேற மாதிரி இருக்குது" என்று குழந்தையம்மாள் போனில் கேட்டார்.

"உங்க ஊர் சீதோஷ்ணம் அப்படிங்க்கா. வெயிலும் காத்தும் தண்டை மாத்திரும்" என்றார் வஹீது. என் பக்கம் திரும்பி, "சார்கிட்டக் கணக்கே இருக்குது. கோயமுத்தூருக்கும் தாராபுரத்துக்கும் மழையிலயே வித்தியாசம். சரிதானே சார்?" என்றார்.

சரிதான். நானும் ஆமாம் என்றேன்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு செப்டம்பரில் அவர் மாடி நாற்றுகள் முதல் அரும்பு கட்டின. ஒரு மாலை வெப்பமானியைச் சரிபார்க்க அவர் மாடிக்குப் போயிருந்தேன். வஹீது குந்தியிருந்து அரும்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். செடி இளசு, பூத்தால் இளைத்துவிடும் என்றார். துணி எடுக்க வந்த மெஹராஜ் நின்று பார்த்தார்.

"மூணு வருசமா எம்புள்ள எம்புள்ளன்னு கொஞ்சுனீங்க. இப்ப பூக்கறப்ப கழுத்தத் திருகறீங்களே?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டிப் போகட்டும். பாத்தா களவாணி வேலையாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் துணியோடு கீழே போனார்.

கிள்ளியவற்றை வஹீது சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒன்று தரையில் விழுந்தது. பாதி விரிந்திருந்த அதன் உள்பக்கம் ஒயின் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

போன வருஷம் ஆவணியில் குழந்தையம்மாளின் போன் வந்தது. கடையில் நானும் இருந்தேன். வஹீதின் கை நிறைய லேஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், ஒரு சமாச்சாரமுங்க. கிளுவை வேலிக்குள்ள ஆடு ஒண்ணு மாட்டிக்கிச்சு. அத இழுக்கப் போனா உள்ள, முள்ளுக்கடியில, பழைய செடி ஒண்ணு நிக்குதுங்க. மஞ்சப் பூவு. ஆடு வாய் வெக்க முடியாத எடம். நா கத்திப்போட்டேன்."

"அல்லாவே" என்றார் வஹீது. அவர் முகம் ஒரு கணம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

"ஒத்தையா நின்னதால காயே புடிச்சிருக்காதுங்க. இப்பத்தான் நம்ம புள்ளைக இருக்குதே. மழை பேஞ்சதும் எல்லாத்தையும் அதச் சுத்தி வெச்சுப்போடறேன். செரிங்களா?"

மஞ்சள் இனத்தில் உலகத்தில் அவருக்குத் தெரிந்து மிஞ்சியவை இரண்டே செடி. ஒன்று அவர் மாடியில், ஒன்று அந்த வேலிக்குள். வேலிச் செடியைச் சுற்றிக் கலப்பு நாற்றுகளை நட்டால், இனிமேல் அதில் பிடிக்கும் காய் எல்லாம் கலப்புக் காய். இரண்டையும் சேர்த்து உண்மையான விதை எடுக்கும் வழி அதோடு மங்கிப்போகும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நல்லதுங்க்கா. மழை பேஞ்சதும் நடுங்க" என்றார் வஹீது.

போனை வைத்த பிறகு லேஸைச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார். வாடிக்கையாளர் போன பின் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்: வலையைக் கழற்றியது, காயில் நூல் கட்டியது, மாடியில் அரும்பைக் கிள்ளியது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"இதைப் போன்ல சொல்ல முடியாது சார். நேர்ல போறேன்."

அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறு மெஹராஜுக்குக் காய்ச்சல் என்றார். அதற்கடுத்து தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. அவர் கடைக்கு வருஷத்தில் அதுதான் வியாபாரக் காலம் என்பது உண்மை. தாராபுரத்தில் மழை பெய்ததா என்று மட்டும் தினமும் காலையில் என்னிடம் வந்து கேட்பார். பெய்யவில்லை என்றால் டீ வாங்கிக் கொடுப்பார். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், "அங்கே இரண்டு நாளாக நல்ல மழையாம்" என்றேன். டீ சொல்லாமல் எழுந்து போனார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் இருவரும் பஸ் ஏறினோம். பல்லடம் தாண்டினோம். பிறகு, "வலை விஷயத்தை மட்டும் சொன்னாப் போதாதா சார்? கல்யாண வீடு, மறந்துட்டேன்னு. அது பொய் இல்லையே" என்றார்.

"நூல்?" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தையம்மாள் வேலிப்படலிலேயே நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம். "வாங்க பாய், வாங்க சார். வந்ததும் மொதல்ல அதப் பாருங்க. மோரு அப்பறம்" என்று முன்னால் நடந்தார். வெள்வேல மரங்களுக்கு நடுவே செம்மறிகள் மேய்ந்தன. வேலியோரம் நெடுக, ஒரு முழத்துக்கு ஒன்றாக, ஐம்பதுக்கு மேல் நாற்றுகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆடு மேயாதபடி முள் வைத்திருந்தார். எல்லாம் பூத்திருந்தன. ஊதா, பழுப்பு, மஞ்சளில் ஊதாப் புள்ளி. முழு மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

"நெறந்தாங்க கெட்டுப்போச்சு" என்றார் குழந்தையம்மாள். "எங்க போர்த் தண்ணி உப்பு பாருங்க. அதுதான் கெடுத்துப்போட்டுது. நா அத ஊத்தியிருக்கப்படாது. இப்ப ஊட்டுல வர்ற ஆத்துத் தண்ணியத்தான் குடத்துல கொண்டாந்து ஊத்தறேன். பிரவீனா திட்டறா. மனுசனுக்கே தண்ணி பத்தல, முள்ளுக்குச் சொமக்கறீங்களான்னு. அடுத்த வருசம் நெறம் திரும்பிருமுங்களா பாய்?"

வஹீது குனிந்து ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். இங்க பாருங்க" என்று குழந்தையம்மாள் கிளுவைக் கொப்பை ஒதுக்கினார். உள்ளே பழைய செடி, பாறை நிறத்தில், கை அகலத்துக்குப் படர்ந்து நின்றது. பூ இரண்டு, எலுமிச்சை மஞ்சள். அவற்றின் கீழே, விரல் நகம் நீளத்துக்கு, ஜோடி ஜோடியாகப் பச்சைக் கொம்புகள். "காய் புடிச்சிருக்குதுங்க. நாலு எடத்துல. இத்தன வருசம் மலடாட்ட நின்னது."

வஹீது மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, தண்ணி கெடுக்கலீங்க" என்றார். "நான் கெடுத்தது."

ஈ, கறி வெட்டிய மாடி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா என்று வரிசையாகச் சொன்னார். இந்த நாற்று ஒவ்வொன்றும் பாதி சாதாரணக் கள்ளிமுளையான் என்றார். சீதோஷ்ணம் என்று போனில் சொன்னதெல்லாம் சாக்கு என்றார். இந்தக் காய்களும் கலப்புதான், ஏனென்றால் பக்கத்தில் வேறு மஞ்சள் இல்லை என்றார். குழந்தையம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். முதலில் வரவில்லை. கணக்குப் பார்ப்பவர் மாதிரி யோசித்தார்.

"வலையக் கழட்டுனது கலியாணத்துல. செரி. பொண்ணு கலியாணம், ஆருக்கும் மறக்கும்" என்றார். "நூலு எப்பக் கட்டுனீங்க?"

வஹீது மண்ணில் கிடந்த முள் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நூலோட ஒரு காயக் குடுத்தீங்களே. காலண்டர்ல தொங்குதே. அந்த நூலு எப்பக் கட்டுனது பாய்?"

"காய் முத்துன பொறகுங்க்கா."

"அப்ப மறந்தது ஒண்ணு. கட்டுனது ஒண்ணு."

"ஆமாங்க்கா."

"நா மழை பேஞ்சதும் வெச்சுப்போடறேன்னு சொன்னப்ப உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுங்க்கா."

குழந்தையம்மாள் கொஞ்ச நேரம் காற்றாலைப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நா அறியாமக் கையெழுத்துப் போட்டேன். இத்தன வருசம் சோறு எறங்குல எனக்கு. நீங்க அறிஞ்சே கட்டிருக்கறீங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வஹீது தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"எந்திரிங்க. எல்லாத்தையும் புடுங்குங்க. நா புடுங்க மாட்டேன். தண்ணி ஊத்துன கை."

நான் உதவப் போனேன். "நீங்க இருங்க சார். அவர் செய்யட்டும்" என்றார். வஹீது ஒவ்வொரு முள்ளாக விலக்கி, வேரோடு எடுத்து, சாக்கில் போட்டார். கையெல்லாம் கீறி ரத்தம். ஆடு மேய்க்கும் ஆள் ஒருவர் எட்டிப்பார்த்து, "ஏனுங்கம்மா, பாய் பண்ணையத்துக்கு வந்துட்டாருங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் வஹீது வேலிக்குள் கையை விட்டு நாலு இடத்திலும் பிஞ்சுக் காய்களைக் கிள்ளினார். முப்பது வருஷமாக ஒரு காய்க்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் மனிதர். கிள்ளிய இடத்தில் துளித்துளியாக நீர் கசிந்தது. அவர் கை பட்டு ஒரு பூவும் உதிர்ந்தது.

"அக்கா, ஒரு தண்டு மட்டும் குடுத்தீங்கன்னா, என் மாடியில இருக்கற பழசோட சேத்து, வலைக்குள்ள வெச்சு..."

"வேண்டாங்க பாய். மாடிக்கு இனி ஒண்ணும் வராது. உங்குளுது எங்காட்டுச் செடிதான? அதக் கொண்டாந்து இங்க வெய்யுங்க."

மோர் கொடுத்தார். 

திரும்பும் பஸ்ஸில் வஹீது நஞ்சுண்டனுக்குப் போன் போட்டுச் சொன்னார். மேட்டுப்பாளையத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. "அட விடுங்க பாய். பூவு ஊதாவுல வந்தா ஆரு ஜெயிலுக்கா போடறாங்க? நா எப்பவோ ஊட்டி போறவங்களுக்குப் பாதிய வித்துப்போட்டேன்."

"ஆருக்கு வித்தீங்கன்னு தெரியுமா?"

"பஸ்ஸுல போறவங்க பேரு ஆருக்குங்க தெரியும்?"

வஹீது போனை அணைத்துப் பையில் போட்டார். அந்தச் சிரிப்பு அவருக்கு உதவியாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு இரவே, விதை வாங்கியவர்கள் எல்லாருக்கும் இனி தன்னிடம் விதை கேட்கவேண்டாம் என்று எழுதினார். காரணத்தையும் எழுதினார். பெங்களூர்க்காரர் ஒருவர், முன்பு வாங்கியவை சரியானவைதானா என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார். அவை சரியானவைதான். ஆனால் அதை எப்படி நம்பவைப்பது என்று வஹீதுக்குத் தெரியவில்லை.

மாடிச் செடியை அடுத்த ஞாயிறு மடியில் வைத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு அங்குலத் தொட்டி. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டபோது வாதாடாமல் எடுத்தார். கிளம்பும்போதே மெஹராஜ் வாசலில் நின்று, "அந்த அம்மா சொன்னது ரொம்பக் கம்மி. நானா இருந்தா செடியோட உங்களையும் அங்கயே வெச்சுக்கச் சொல்லிருப்பேன்" என்று சொன்னார். ஆனால் வழியில் தின்ன இட்லி கட்டிக் கொடுத்திருந்தார்.

வேலிக்கு உள்பக்கம், பழைய செடிக்கு ஒரு முழம் தள்ளி அதை வைத்தார்கள். மாடியில் கொழுத்து வளர்ந்த தண்டு தாராபுரம் வெயிலில் ஒரே மாதத்தில் சுருங்கி, மேல்பக்கம் வெந்ததுபோல் சிவந்தது. பிழைக்குமா என்று தை கடைசிவரை தெரியவில்லை. மாசியில் அடியிலிருந்து புதிதாக ஒரு முளை, குட்டையாக, உள்ளூர்ச் செடியின் பருமனில் கிளம்பியது. பூ இனி புரட்டாசியில்தான். வஹீது ஞாயிறு தவறாமல் போகிறார். சில வாரம் நானும் போவேன். குழந்தையம்மாள் செடியைப் பற்றி மட்டும் பேசுவார். ஷைமாவின் குழந்தை எப்படி இருக்கிறது என்று முன்பெல்லாம் கேட்பார். இப்போது கேட்பதில்லை.

போன வாரம் வஹீது தானே பேச்செடுத்தார். "பூக்கறப்ப ஒரு வாரம் இங்கயே வந்து தங்கறேனுங்க்கா. மகரந்தம் வெக்கறது நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாக்க வேண்டாங்க" என்றார் குழந்தையம்மாள். "எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே வெச்சுக்கறேன்."

"ரொம்பப் பொடிசுங்க்கா. கண்ணு தெரியோணும்."

"அதுக்குத்தான கண்ணாடி வெச்சிருக்கறீங்க. குடுங்க இப்படி."

பழகிப் பார்க்கப் பூ இல்லை. வஹீது சுற்றிலும் பார்த்துவிட்டு, பாதையோரம் போய் எருக்கம்பூ பறித்து வந்தார். எருக்கும் கள்ளிமுளையானும் பங்காளிகள். இரண்டிலும் மகரந்தம் பொடியாக உதிராது. ஒரு கொக்கியில் தொங்கும் இரட்டை மணி மாதிரி இருக்கும். எருக்கில் கொஞ்சம் பெரிது. கொக்கி இருக்கும் பிளவைக் காட்டி, குதிரைமுடியை அதற்குள் விட்டு மேல்பக்கமாக இழுக்க வேண்டும் என்று சொன்னார். குழந்தையம்மாள் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். முதல் பூவைக் கிழித்துவிட்டார். இரண்டாவதில் முடி வழுக்கியது. வஹீது உதவக் கை நீட்டினார். குழந்தையம்மாள் அதைத் தட்டிவிட்டார்.

நாலாவது பூவில் முடியின் நுனியில் இரண்டு மஞ்சள் மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. வெயிலில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றாக வந்தது என்று வஹீது சொல்ல ஆரம்பித்தார். குழந்தையம்மாள் அவரைப் பார்க்கவில்லை.

"இன்னும் நாலு பூ பறிச்சுட்டு வாங்க" என்றார்.

வஹீது எழுந்து பாதையோரம் போனார்.